செவ்வாய்க்கிழமை மடல்கள்

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு கேரல் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டும். அவளோ ரெமிஜியஸ் வீட்டு வாசற்படியில் நின்றாள். தோளில் கைப்பை, கழுத்தில் டீச்சர் அடையாள அட்டை, முகம் வெளுத்துப் போயிருந்தது.

"உள்ள வாம்மா. டோரதி, காபி போடு," என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார் ரெமிஜியஸ்.

"காபி வேணாம் அங்கிள். இதை மட்டும் பாருங்க."

போனை நீட்டினாள். ரெமிஜியஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். யாரென்று தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. அதில் தமிழில் சில வரிகள். 'கோடி அற்புதரே, நீல் மஸ்கட்டில் இல்லை என்று உமக்குத் தெரியும். குடி நிறுத்தும் இல்லத்தில் மூன்றாம் முறையாகச் சேர்த்திருக்கிறேன்...' அதற்குமேல் அவர் படிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது மடல்."

"என் மடல். போன மாசம் நம்ம கெபி வெப்சைட்ல போட்டது. கீழ என்ன கேட்டிருக்கான், பாத்தீங்களா? 'உங்க ஸ்கூலுக்கு அனுப்பட்டுமா மேடம்?' நான் அந்தோணியாருக்குத்தான் எழுதினேன் அங்கிள். உங்க வீட்டுக்கு எழுதல."

"எங்க வீட்டுல யாரும் படிக்கறதில்ல, கேரல்."

"அப்ப இது நடந்தா வெளிய போச்சு?"

எழுபத்து மூன்று வயதில் முதன்முறையாக ஒருத்தி அவர் வாசலில் நின்று அவர் வார்த்தையைச் சந்தேகப்பட்டாள். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்டைச் சாத்தாமல் போய்விட்டாள்.

விவேக் நகரின் அந்தத் தெருக்கோடியில் அந்தோணியார் கெபியை எழுப்பியவர் ரெமிஜியஸின் தகப்பனார். கருங்கல் குகை, உள்ளே கண்ணாடிக் கூண்டில் புனிதரின் சுரூபம், பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி. செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வேண்டுதலை எழுதி மடித்து அந்தப் பெட்டியில் போடுவார்கள். ஜெபம் முடிந்ததும் இந்த வீட்டார் பெட்டியைத் திறந்து, ஒரு மடலையும் பிரிக்காமல் இரும்புச் சட்டியில் போட்டு எரிப்பார்கள். ஐம்பத்து மூன்று வருஷம் அப்படி நடந்தது. தெருவில் எத்தனையோ வீடு கைமாறிவிட்டது, எத்தனையோ குடும்பம் பேர் கெட்டுப்போனது. ரெமிஜியஸ் வீட்டார் ஒரு மடலைப் பிரித்தார்கள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய சொத்து இருக்கவில்லை.

வெளியூர் போனவர்களும், ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களும் கேட்டார்கள் என்று நான்கு வருஷத்துக்கு முன் மகன் ட்ரேவர் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். மடல் பெட்டிக்கென்று இலவசமாகக் கிடைத்த ஒரு ப்ளகினை, அதாவது ஒரு துணை மென்பொருளை, அதில் சேர்த்தான். பெயர், போன் நம்பர் எதுவும் கேட்கக் கூடாது, வெறும் பெட்டி ஒன்று போதும் என்று ரெமிஜியஸ் கறாராகச் சொல்லிவிட்டார். செவ்வாய்தோறும் நவநாள் முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து, தன் கையாலேயே எல்லா மடலையும் அழிப்பார். தகரப்பெட்டி மடல் எரிவதும் திரை மடல் அழிவதும் அவருக்கு ஒன்றுதான்.

ட்ரேவர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். அப்பா போன் செய்ததும் மெட்ரோ, ஆட்டோ என்று மாறி மாறி, பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தான்.

"நேத்து எப்படி டெலீட் பண்ணீங்க டாடி? அப்படியே பண்ணிக் காட்டுங்க."

ரெமிஜியஸ் அலமாரியிலிருந்து ஒரு காலண்டர் அட்டையை எடுத்து வந்து திரைமேல் வைத்தார். அட்டையில் பிளேடால் சுத்தமாக இரண்டு ஓட்டைகள் வெட்டியிருந்தன. ஒன்றின் வழியே எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கட்டம் தெரியும், மற்றதன் வழியே அழிக்கும் பொத்தான் தெரியும். நடுவில் இருக்கும் எழுத்தெல்லாம் அட்டைக்குப் பின்னால்.

"இது என்னது?"

"கண்ணுல படக் கூடாதுன்னு."

ட்ரேவருக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். டோரதி சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள். ட்ரேவர் அரைமணி நேரம் சைட்டின் பதிவுகளைத் தேடினான்.

"இந்தாங்க," என்றான் கடைசியில். "சைட்டுக்கு எத்தனை அட்மின்?"

"நீயும் நானும்."

"மூணு பேர் இருக்காங்க. 'சப்போர்ட்'னு ஒருத்தன். மூணு வாரம் முன்னால, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு பத்துக்கு உள்ள வந்திருக்கான். அவனைச் சேர்த்தது யார் தெரியுமா? நீங்க. உங்க லாகின்."

"நான் யாரையும் சேக்கல."

"தெரியும். கேளுங்க. மடல் எழுதற பெட்டியில வெறும் எழுத்துதான் வரும்னு நாம நம்பிட்டோம். எவனோ எழுத்துக்கு நடுவுல ஒரு உத்தரவை எழுதிப் போட்டிருக்கான், கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி. இந்தப் பழைய ப்ளகின் அதைச் சோதிக்காம அப்படியே வாங்கி வெச்சுக்கிச்சு. அடுத்த செவ்வாய் நீங்க லாகின் பண்ணி லிஸ்டைத் திறந்தீங்க. அதையும் அப்படியே திரையில கொட்டுச்சு. உங்க பிரவுசர் அதை மடல்னு நினைக்கல, உத்தரவுன்னு எடுத்துக்கிச்சு. உங்க பேர்ல, உங்க அதிகாரத்துல புது அட்மின் ஒருத்தனை உள்ள விட்டிருச்சு."

"நான்தான் ஒரு வரியும் படிக்கலையே?"

"நீங்க படிக்கல டாடி. உங்க கம்ப்யூட்டர் படிச்சிருச்சு."

ரெமிஜியஸ் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். அவருடைய முத்திரை இல்லாமல் ஒரு உதிரிபாகமும் அந்த ஷெட்டைத் தாண்டிப் போனதில்லை.

"அந்த ஒரு மடல், பாத்தா தெரியற மாதிரி இருந்துச்சா?"

ட்ரேவர் தயங்கினான். "நாலு வரி இங்கிலீஷ். அடைப்புக்குறியும் கோடுமா, அர்த்தமே இல்லாம. அந்தோணியாருக்கு யாரும் அப்படி எழுத மாட்டாங்க. பாத்திருந்தா எனக்குப் போன் பண்ணியிருப்பீங்க."

"இதுக்கு மருந்து இல்லையா?"

"இருந்துச்சு. மார்ச் மாசமே வந்துச்சு." அவன் குரல் மாறியது. "ப்ளகின் புதுசு வந்திருக்கு, பாதுகாப்புக்கு முக்கியம், போட்டுடறேன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"மடலோட முதல் ரெண்டு வரியை எனக்கு மெயில்ல அனுப்பும்னு சொன்னே. அது நம்ம வீட்டு வழக்கம் இல்ல, வேண்டாம்னேன்."

"அந்த மெயிலை மட்டும் நிறுத்தி வெச்சிருக்கலாம். ஒரே ஒரு டிக். நான் சொல்ல வாயெடுத்தேன். நீங்க 'பேச்சு முடிஞ்சுது'ன்னுட்டீங்க. நானும் விட்டுட்டேன். என் வேலையே இதுதான், நான் விட்டிருக்கக் கூடாது."

பிறகு அவன் வரிசையாகச் சரிசெய்தான். வெப்சைட்டை மூடி, பராமரிப்பு என்று ஒரு பலகை தொங்கவிட்டான். திருட்டு அட்மினை நீக்கினான். உள்ளே இருந்த எல்லாரையும் வெளியே தள்ளி, கடவுச்சொற்களையும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ரகசியச் சாவிகளையும் மாற்றினான். வந்தவன் வேறு எங்காவது கதவு வைத்துவிட்டுப் போயிருக்கிறானா என்று ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தான். புதிய ப்ளகினை ஏற்றினான். உள்ளே வரும்போது எழுத்தைத் தவிர மற்றதை அது வடிகட்டும். தப்பி ஒன்று வந்தாலும் வெளியே காட்டும்போது வெறும் எழுத்தாகவே காட்டும், உத்தரவாக ஓட விடாது. எழுத்தில் ஒளிந்து வரும் உத்தரவை பிரவுசரே மறுக்கும்படி இன்னொரு பூட்டும் போட்டான். அப்பாவின் கணக்கை அட்மின் பதவியிலிருந்து இறக்கி, மடல் அழிக்க மட்டும் உரிமை கொடுத்தான். ஒவ்வொன்றையும் செய்யும்போதே சொன்னான். ரெமிஜியஸ் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

"ஆச்சா?"

"கதவைச் சாத்தியாச்சு. போனது போனதுதான்." ட்ரேவர் திரையைத் திருப்பினான். "இன்னொண்ணு. நீங்க அழிச்சீங்களே, அதெல்லாம் நேரா அழியல. முப்பது நாள் குப்பைக்கூடையில கிடக்கும், அப்புறம்தான் தானா போகும். இப்ப அதுல தொண்ணூத்தொரு மடல் இருக்கு."

"எரிஞ்சு போச்சுன்னு இருந்தேன்."

"எரியல. அவன் மூணு வாரமா உக்காந்து படிச்சிருக்கான். அதுக்கு முன்னால கூடையில இருந்ததையும் எடுத்திருப்பான். அதுங்க இப்ப நம்மகிட்ட இல்ல, அவன்கிட்ட இருக்கு. அவங்க யாருன்னே நமக்குத் தெரியாது. இந்தத் தொண்ணூத்தொரு பேருக்காவது இன்னிக்கே சொல்லணும் டாடி. கேரல் ஆன்ட்டிக்கு வந்தது எல்லாருக்கும் வரும்."

"எப்படிச் சொல்லுவே? நாமதான் பேரும் நம்பரும் கேக்கறதில்லையே."

"ஜனங்க தாங்களே எழுதியிருப்பாங்க, மடலுக்குள்ள. பிரிச்சுப் படிச்சாத்தான் தெரியும்."

ரெமிஜியஸ் எழுந்தார். "முடியாது."

"டாடி..."

"ஐம்பத்து மூணு வருஷம். உங்க தாத்தா சாகற படுக்கையில என்கிட்ட கேட்ட ஒரே வாக்கு அது. எவனோ திருடன் பிரிச்சான்னா, நாமளும் பிரிக்கணுமா?"

"சரி, படிக்க வேணாம். கெபி போர்டுல எழுதிப் போடுங்க. மடல் எல்லாம் திருடு போச்சு, யாராவது மிரட்டினா பயப்படாதீங்க, வீட்டுல எச்சரிக்கையா இருங்கன்னு. நாலு வரி."

"தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"நீ வைட்ஃபீல்டுல இருக்கே. சிரிப்பு இங்க என் வாசலுக்குத்தான் வரும். ஒருத்திக்குத்தான் வந்திருக்கு. கேரல்கிட்ட நான் நேர்ல போய்ப் பேசறேன். ஞாயித்துக்கிழமை பூசை முடியட்டும், பங்குச் சாமியார்கிட்ட கலந்துக்கிட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதே. அந்தத் தொண்ணூத்தொண்ணையும் இப்பவே எரிச்சிடு."

"எரிக்க மாட்டேன்," என்றான் ட்ரேவர். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் அப்படி அவன் பேசியதில்லை. "எரிச்சா யாரைக் காப்பாத்தணும்னே தெரியாம போயிடும். பென்டிரைவ்ல போட்டு வெச்சுட்டுப் போறேன். பிரிக்கறதும் பிரிக்காததும் உங்க இஷ்டம்."

மேஜைமேல் பென்டிரைவை வைத்துவிட்டுப் போனான். ரெமிஜியஸ் அதைப் பீரோவில், வீட்டுப் பத்திரங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

டோரதி அப்போதுதான் வாய் திறந்தாள். "கேரல் போனை நானும் எட்டிப் பாத்தேன், புருஷன் குடிக்கறான்னு இருந்தது. அது வெளிய வந்தா மானம் போகும், உயிர் போகாது. வேற மடல்ல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதானே பூட்டி வெச்சிருக்கேன்."

"நல்லா வெச்சீங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வியாழக்கிழமை முழுவதும் தெருவில் எதுவும் நடக்கவில்லை. மாலையில் ரெமிஜியஸ் கேரல் வீட்டுக்குப் போனார். மூன்று முறை மணி அடித்தார். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. நாம் நினைத்தது சரிதான், விஷயம் ஒரு வீட்டோடு நின்றுவிட்டது என்று எண்ணிக்கொண்டே திரும்பி நடந்தார். அந்த எண்ணத்தை வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிவரை வைத்திருந்தார்.

ஒன்பது மணிக்கு ஒரு இளைஞன் வந்தான். தொழிற்சாலைச் சீருடை, கண்கள் வீங்கியிருந்தன. கன்னடக்காரன், பேசியது கற்றுக்கொண்ட தமிழ்.

"சார், இங்கதானே அந்தோணியார் சாமிக்கு லெட்டர் வாங்கறது?"

"ஆமா. நீ யாருப்பா?"

"நான் சுஹாஸ் சார். பொம்மசந்திராவுல வேலை. என் ஒய்ஃப் லாவண்யா. அவளும் அங்கதான், பக்கத்து யூனிட். உங்க சாமிக்கு லெட்டர் போட்டா, வெப்சைட்ல. அது எவன்கிட்டயோ போயிடுச்சு சார்."

டோரதி கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள். அவன் நின்றுகொண்டே சொன்னான். முந்தின நாள் மத்தியானம் அவள் போனுக்கு மிரட்டல் வந்திருக்கிறது. அவள் ஷிஃப்டில் இருந்தாள், போன் லாக்கரில் இருந்தது. பதில் வரவில்லை என்று திருடன் காத்திருக்கவில்லை. மடலில் அவள் அண்ணனின் கடையைப் பற்றி எழுதியிருந்தாள். கடை நம்பர் நெட்டில் கிடைத்தது. நேராக அவனுக்கே அனுப்பிவிட்டான்.

"அஞ்சு மணிக்கு போன் எடுத்துப் பாத்தா. எனக்குப் பண்ணி அழுதா. கெபியில போட்டது வெளிய வந்திடுச்சு, என்ன பண்றதுன்னா. நான் பைக் எடுத்துட்டுப் போறதுக்குள்ள அவ கம்பெனி கேட்டு முன்னால கார் வந்து நின்னிருக்கு. அண்ணன், சித்தப்பா, இன்னும் ரெண்டு பேர். வாடி வீட்டுக்குன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. செக்யூரிட்டி பாத்துட்டே நின்னிருக்கான், ஃபேமிலி மேட்டராம். அப்பலேர்ந்து போன் ஆஃப் சார்."

"போலீஸ்ல சொன்னியா?"

"ராத்திரியே போனேன். மேஜர் பொண்ணு, சொந்த அண்ணன்கூடப் போயிருக்கா, இதுல என்ன கேஸ்ங்கறாங்க. அண்ணன் மிரட்டினான்னா ஏதாவது எழுத்துல இருக்கான்னு கேக்கறாங்க. அவ போன் அவங்ககிட்ட. எழுத்துல இருக்கறது உங்ககிட்ட மட்டும்தான் சார். அந்த லெட்டர் குடுங்க."

ரெமிஜியஸின் கை கழுத்துப் பொத்தானுக்குப் போனது. அது போட்டபடியே இருந்தது. "தம்பி, நாங்க மடலைப் பிரிக்கற வழக்கம் கிடையாது. எங்க குடும்பத்துல..."

"உங்க குடும்பம் எனக்குத் தெரியாது சார். அவ அண்ணனும் குடும்பம் குடும்பம்னுதான் சொல்றான்."

வாசலில் ஒரு கொத்தமல்லி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். சுஹாஸ் மெதுவாகக் கேட்டான். "மடல் திருடு போனது உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. 'நீ சொல்லித்தான் தெரியும்' என்று சொன்னால் போதும், டோரதியும் வாய் திறக்க மாட்டாள். ரெமிஜியஸ் அந்த நேரத்தைப் பயன்படுத்தவில்லை.

"புதன்கிழமை."

சுஹாஸ் அவரையே பார்த்தான். திட்டவில்லை. விரல்விட்டு எண்ணுவதுபோல் உதடு மட்டும் அசைந்தது. "புதன்கிழமை சொல்லியிருந்தீங்கன்னா," என்றான், "மைசூர்ல எங்க அக்கா வீட்டுல இருந்திருப்பா சார் இப்போ."

ரெமிஜியஸ் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார்.

எது அவளுடையது என்று தெரியாததால் முதலிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தவர்கள் பாதிப் பேர். வாய்விட்டுப் படித்தால்தான் புரிந்தது. அவர் படித்தார். ஒரு பெண்ணின் மார்பில் கட்டி, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஒரு தகப்பனுக்கு மகன்மேல் சந்தேகம். இந்தத் தெருவிலேயே இருக்கும் ஒருவர், தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்கிறவர், மனைவியை அடிக்கும் கையைத் தடுத்து நிறுத்தும்படி அந்தோணியாரைக் கெஞ்சியிருந்தார். தெரிந்த பெயர் வந்தபோதும் ரெமிஜியஸ் நிறுத்தவில்லை. கேட்கக் கூடாதென்று சுஹாஸ் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அறுபத்து நான்காவது மடல் தமிழ் எழுத்திலேயே இருந்தது.

'அந்தோணியாரே, நான் இந்துப் பெண். செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் இருப்பதால் நேரில் வர முடியவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். பிப்ரவரியில் சுஹாஸை ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டேன். வீட்டுக்குத் தெரியாது. பொங்கலுக்குப் போயிருந்தபோதே அண்ணன் ஏதோ கேள்விப்பட்டு, தன் உரக்கடையில் என்னை உட்கார வைத்து, வேறு சாதிக்காரனைக் கட்டினால் இந்தக் கடையில் இருக்கிற பூச்சிமருந்தையே உனக்கு ஊற்றிவிட்டு நீயே குடித்தாய் என்று சொல்வேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று அம்மா சொல்கிறாள். அது விளையாட்டாகவே இருக்கும்படி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படிக்கு லாவண்யா.' அடியில் தன் போன் நம்பரும், கடையின் பெயரும், திருப்பத்தூர் பக்கத்தில் ஒரு ஊரின் பெயரும், அண்ணனின் பெயர் கோதண்டராமன் என்றும் எழுதியிருந்தாள். சாமிக்கு விலாசம் தவறிவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

டோரதி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். ரெமிஜியஸ் லேப்டாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுஹாஸையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

ஸ்டேஷனில் அஷ்வத் என்ற இளம் சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. ஐம்பத்து மூன்று வருஷம் ஒரு மடலைப் பிரிக்காத மனிதர், நாலு கான்ஸ்டபிள்கள் சுற்றி நிற்க, அந்த மடலை ஒவ்வொரு வாக்கியமாகக் கன்னடத்தில் சொன்னார். பூச்சிமருந்து வந்த இடத்தில் அஷ்வத் எழுதுவதை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னார்.

"இது உங்ககிட்டேயிருந்து எப்படிப் போச்சு?" என்று அஷ்வத் கன்னடத்தில் கேட்டார்.

ரெமிஜியஸ் ஒன்றையும் ஒளிக்கவில்லை. திருடன் நுழைந்தது தன் லாகின் வழியாக. ஓட்டையை அடைக்கும் புதிய ப்ளகினை மார்ச்சில் மகன் போடுகிறேன் என்றான், தடுத்தது தான்தான். சைட்டைச் சரிசெய்த பிறகு எல்லாருக்கும் சொல்லச் சொன்னவனும் அவன், வாயை மூடச் சொன்னது தான்தான்.

"புதவாரனே கொத்தித்தா சார்?" புதன்கிழமையே தெரியுமா என்று நம்பாமல் கேட்டார் அஷ்வத்.

"கொத்தித்து."

தெரியும் என்ற அந்த ஒரு வார்த்தையும் வாக்குமூலத்தில் ஏறியது. கீழே முழுப்பெயரும், தகப்பனார் பெயரும், வீட்டு விலாசமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அஷ்வத் மடலில் இருந்த ஊரின் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். முக்கால் மணி கழித்துப் பதில் வந்தது. கடை மூடியிருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது, எல்லாரும் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எந்தக் கோயில் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஹெட் கான்ஸ்டபிளோடு சுஹாஸ் ஜீப்பில் ஏறினான். ஏறும்போது ரெமிஜியஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

மத்தியானம் கெபிக்குப் போய், நவநாள் நேரம் எழுதியிருந்த கரும்பலகையைத் துடைத்து அவரே எழுதினார். 'வெப்சைட் வழியாகப் போட்ட மடல்கள் திருடப்பட்டுள்ளன. ஏப்ரலிலிருந்து எழுதிய எல்லாரும் எச்சரிக்கையாக இருக்கவும். ஆபத்து உள்ளவர்கள் உடனே வீட்டை விட்டுப் பத்திரமான இடத்துக்குப் போகவும். மிரட்டல் வந்தால் போலீசிடமும் என்னிடமும் சொல்லவும். தவறு என்னுடையது. ரெமிஜியஸ்.' எழுதி முடிக்குமுன்னே பின்னால் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். தினமும் வணக்கம் சொல்கிறவரும் அதில் இருந்தார். அன்று அவர் சொல்லவில்லை.

"அப்ப படிச்சிட்டே, இல்ல?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். இந்தத் தெருவில் அவரை யாரும் 'நீ' போட்டுப் பேசியதில்லை.

"இன்னிக்குப் படிச்சேன்," என்றார்.

ட்ரேவர் அலுவலகத்திலிருந்து பாதியிலேயே கிளம்பி வந்திருந்தான். மீதி மடல்களிலும் பெயரும் எண்ணும் தேடி ஒரு பட்டியல் எடுத்தார்கள். மடலில் எண் எழுதியிருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். பாதியைத் தான் பேசுகிறேன் என்றான் ட்ரேவர். வேண்டாம் என்றார் ரெமிஜியஸ்.

வெள்ளி சாயங்காலம் பத்தொன்பது பேரிடம் பேசினார். சனி காலையில் மறுபடி ஆரம்பித்தார். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள். "நான் விவேக் நகர் அந்தோணியார் கெபி ரெமிஜியஸ் பேசறேன். உங்க மடல் திருடு போயிடுச்சு. நானும் படிச்சிருக்கேன்." சிலர் உடனே வைத்துவிட்டார்கள். ஒரு கிழவர் மூச்சு வாங்க வாங்க அவருடைய அப்பனையும் பாட்டனையும் இழுத்துத் திட்டினார். திட்டு முடியும்வரை ரெமிஜியஸ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மார்பில் கட்டி உள்ள பெண் திட்டவில்லை.

"முழுசா படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"படிச்சேம்மா."

"யார்கிட்டயும் இதைச் சொன்னதில்ல. நீங்கதான் முதல்ல தெரிஞ்சுக்கிட்டவர். அப்ப நீங்களே சொல்லுங்க. டாக்டர்கிட்ட போகட்டுமா, வேணாமா?"

"இன்னிக்கே போம்மா," என்றார். "கூட வர ஆளில்லைன்னா டோரதி வருவா."

அவள் அழத் தொடங்கினாள். அந்த அழுகைக்கு நடுவில் இன்னொரு அழைப்பு வந்தது. சுஹாஸ். ரெமிஜியஸ் அவளிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்ப அழைப்பதாகச் சொல்லிவிட்டு அதை எடுத்தார்.

"சார், ஆளு கிடைச்சிடுச்சு." பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. "வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரியில இருக்கா. தொண்டையில குழாய் போட்டிருக்காங்க. பேச்சு இல்ல, கண்ணு திறக்கல. பிழைச்சாலும் நாள் ஆகும்ங்கறாங்க. மருந்து தானே எடுத்துக் குடிச்சாள்னு அண்ணன் எழுதிக் குடுத்திருக்கான் சார். அம்மாவும் அப்படியே சொல்றா. இங்க எல்லாரும் அதைத்தான் நம்பறாங்க."

ரெமிஜியஸ் பட்டியலை ஓரமாக வைத்தார்.

"மாஜிஸ்ட்ரேட் வராராம். உங்க ஸ்டேட்மென்ட் பேப்பர் போதாதாம், லெட்டரை வெச்சிருந்தவரு நேர்ல வந்து, இது எப்பேர்ப்பட்ட லெட்டரு, எப்ப போட்டது, யார் பாத்ததுன்னு சொல்லணுமாம். அண்ணன் கூட்டம் இங்கதான் நிக்குது சார், முப்பது பேர். வருவீங்களா?"

"வரேன்."

ரெமிஜியஸ் எழுந்தார். டோரதி ஏற்கெனவே பையில் மாற்றுச் சட்டையையும் மாத்திரை டப்பாவையும் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டில் கேரல் நின்றாள். பலகையைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். உள்ளே வரவில்லை, வழிவிட்டு மட்டும் ஒதுங்கினாள். அவர் அவளிடம் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை.

பட்டியலை ட்ரேவர் கையில் கொடுத்தார். "முப்பதாவது ஆளு வரைக்கும் பேசியாச்சு. கட்டி உள்ள அந்தப் பொண்ணு ஒருத்திக்கு மறுபடி பேசணும், அம்மாவைக் கூட அனுப்பு. மீதி எட்டுப் பேருக்கு இப்பவே நீ பேசு."

"என்னன்னு சொல்லட்டும் டாடி?"

"என் பேரைச் சொல்லு. ரெமிஜியஸ் வீட்டுலேர்ந்து பேசறேன்னு சொல்லு. மடல் எங்க கையிலேர்ந்து போச்சுன்னு சொல்லு. அவங்க திட்டினா நடுவுல பேசாதே."

லேப்டாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலூர் பஸ் பிடிக்க ஆட்டோவில் ஏறினார்.